டச்சிங் அண்ணாச்சி போட்ட அட்டிகை

தொண்ணூறுகளில் தாமிரபரணிக் கரையில் கல்யாணமான பெண்களுக்கு நகை போட்டு அனுப்பியவர்கள் அவரவர் அப்பாக்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். பாபநாசத்தில் ஆறு மலையை விட்டு இறங்கும் இடத்திலிருந்து புன்னைக்காயலில் கடலுக்குள் போகும் இடம் வரைக்கும் அத்தனை கழுத்துகளுக்கும் நகை போட்டவர் ஒரே ஆள்தான். அவர் குன்றிமணி எடைத் தங்கம்கூட வாங்கியதில்லை. நகைக்கடைப் படியில் கால் வைத்ததில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு பிரஷ். அந்தப் பிரஷில் ஏழோ எட்டோ முடி.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. திருநெல்வேலி ஜங்ஷனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் தெருவில், ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் பருவை அழிப்பது, புருவத்தைத் தீட்டுவது, கழுத்தில் இல்லாத சங்கிலியை வரைந்து சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்டுடியோக்காரர்கள் வைத்த பெயர் டச்சிங். ஆகவே அவர் டச்சிங் அண்ணாச்சி. அவர் மனைவி டச்சிங் மதினி. அவர்கள் வீட்டுப் பூனையைக்கூடத் தெருவில் டச்சிங் பூனை என்றுதான் விரட்டுவார்கள்.

அந்த ஸ்டுடியோவின் மாடியில் ஒற்றை அறையில் நான் குடியிருந்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. எந்த நாற்காலியிலும் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் இருக்க முடியாத வயது. கீழே இறங்கிவந்தால், அங்கே என்னைவிட மோசமாக ஒருவர் அலைந்துகொண்டிருப்பார்.

அண்ணாச்சி உட்கார்ந்து வேலை பார்த்து நான் கண்டதில்லை. படத்தை ஒரு பலகையில் குத்தி, பலகையைக் கயிற்றால் கழுத்தில் மாட்டிக்கொள்வார். காலையில் கிழக்கு ஜன்னல். வெயில் ஏற ஏற மாடிப்படி. மத்தியானம் முற்றம். மூன்று மணிக்கு மேல் தெரு. வெளிச்சம் எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே, கடன் வாங்கியவனைத் துரத்துகிற மாதிரி, விடாமல் போவார். மேகம் வந்து மறைத்தால் அண்ணாந்து பார்த்து, "ஏலே, தள்ளு" என்பார். பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கிக் கூராக்கி அவர் நாக்கு சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, "இது எத்தனை நாளா இப்படி?" என்று பயந்துபோய்க் கேட்டிருக்கிறார்.

வெறுமையாக இருக்கும் எதையும் அவரால் சும்மா விட முடியாது. டீக்கடையில் தினசரிப் பேப்பர் அவர் கைக்குப் போய்விட்டு நம் கைக்கு வந்தால், மந்திரிமார் எல்லாம் கடுக்கன் போட்டிருப்பார்கள். விளையாட்டுப் பக்கத்தில் பந்து வீசுகிறவனுக்கு ஒட்டியாணம் இருக்கும். மேலப்பாளையத்து பாய் ஒருவர் வளைகுடா போவதற்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். தாடையில் சின்ன வயதில் விழுந்த வெட்டுக்காயத் தழும்பு. அண்ணாச்சி தழும்பை எடுத்தார். எடுத்த கையோடு கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பையும் கன்னத்துக் குழியையும் எடுத்தார். நாலு நாள் கழித்து பாய் திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, ஆபீஸர் என் மவனக் கூட்டிட்டு வரச் சொல்லுதாரு."

"அப்போ படம் நல்லா வந்திருக்கு" என்றார் அண்ணாச்சி.

இதில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. டச்சிங் பண்ணியதை வாயால் ஒத்துக்கொள்ளக் கூடாது. "தெரிஞ்சிட்டா அது டச்சிங்கா வே? பெயிண்ட் அடிச்சதுல்லா" என்பார். ஒரு அம்மாள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு ரெட்டவடம் எங்க வீட்லயே கெடையாதே" என்று சொன்னபோது, அண்ணாச்சி முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "படத்துல இருக்குல்லா. வீட்ல போயி நல்லாத் தேடிப் பாருங்க." அந்த அம்மாள் மூன்று நாள் தேடியிருக்கிறார். கடைசியில் நாத்தனார் மேல் சந்தேகம் வந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

ஸ்டுடியோவுக்கு ஒட்டினாற்போல் ஒரு எஸ்.டி.டி. பூத். அதில் உட்கார்ந்திருந்த பெண் சிவகாமி. பூத்துக்குள் நின்று பேசுகிறவர்கள் அழுவதையும் கெஞ்சுவதையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துப் பார்த்து, எதற்கும் அசையாத முகம் அவளுக்கு வாய்த்திருந்தது. அப்பா பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். மாப்பிள்ளை வீட்டுக்கு அவளுடைய கலர் போட்டோ மூன்று முறை போய், மூன்று முறையும் போன வேகத்தில் திரும்பி வந்தது. அழகில் குறையில்லை. பிளாஷ் வெளிச்சம் முகத்தில் அடித்ததும், யாரோ செத்த செய்தியைப் போனில் கேட்டவள் மாதிரி ஆகிவிடுவாள்.

மூன்றாவது படம் திரும்பி வந்த அன்று அண்ணாச்சி பூத் வாசலில் போய் நின்றார். "ஏட்டி, கலர் சவத்த விடு. கறுப்பு வெள்ளையில வந்து நில்லு. நான் இருக்கேம்லா."

அவளை நிற்கவைத்து, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பாய்க்கும் பாஸ்போர்ட் ஆபீஸருக்கும் நடந்த பேச்சை இவர் நடித்துக் காட்டியிருக்கிறார். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வந்த நொடியில் ஸ்டுடியோ முதலாளி பட்டனை அழுத்திவிட்டார்.

நெகட்டிவைக் கழுவிக் காயப்போட்டவர் அண்ணாச்சி. கிளிப் சரியாகக் கடிக்கவில்லை. வழுக்கி விழுந்தது தொட்டி விளிம்பில் உரசிக்கொண்டு போயிற்று. எடுத்துப் பார்த்தால், இடது தோளிலிருந்து புறப்பட்டுக் கழுத்துக்குக் கீழே சரிந்து வலப்பக்க நெஞ்சு வரைக்கும் ஒரு கீறல்.

"இன்னொண்ணு எடுத்திருவோம்" என்றார் முதலாளி.

"இன்னொண்ணு எடுக்கலாம். இன்னொரு தடவ சிரிப்பாளா? கீறல் கெடக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

இரண்டு நாள் வெயிலைத் துரத்தினார். அந்தக் கீறலின் மேலேயே ஒரு நகையை ஏற்றினார். நகை என்றால் இரண்டு தோளிலும் சமமாகத் தொங்கி நடுவில் முடிய வேண்டும். இது அப்படி இல்லை. இடது தோளில் நூல் மாதிரி ஆரம்பித்து, போகப் போகக் கிளை சேர்ந்து தடித்து, ஒரே பக்கமாகச் சரிந்து ஓடி, வலது கோடியில் ஒற்றை முத்தில் போய் விழுந்தது. "அண்ணாச்சி, இது நம்ம ஆறு மாதிரில்லா இருக்கு. மலையில பொறந்து, கொற்கை முத்துல வந்து முடியுது" என்றேன்.

அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "அப்படியா? எனக்குக் கீறல்தான் தெரியுது."

வரைந்து முடித்த படத்தை மறுபடி கேமராவில் பிடித்து, அதிலிருந்து புதிதாகப் பிரதி எடுப்பார்கள். அப்போது பிரஷ் பட்ட தடமே இருக்காது. அந்தப் பிரதிதான் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போயிற்று. மாப்பிள்ளை அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பா இல்லை. அம்மா சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்தார்கள். பிடித்துவிட்டது.

பிடித்ததற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து பூத்துக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. முதல் நாள் வாத்தியார் ரயில் நேரம் கேட்டார். இரண்டாம் நாளும் அதே ரயிலின் நேரத்தைக் கேட்டார். மூன்றாம் நாள் இருவருமே ரயிலை விட்டுவிட்டார்கள். அதுவரைக்கும் தெருவையே பார்த்து உட்கார்ந்திருந்த சிவகாமி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். வெளியே காத்திருந்தவர்கள் கண்ணாடியைத் தட்டினால், தட்டியவரைப் பார்த்துச் சிரித்தாள். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, இந்தக் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்று.

மாப்பிள்ளையின் அம்மாள்தான் பேச்சை முடித்துவைத்தார். "அது போடுங்க, இது போடுங்கன்னு நான் கேக்க மாட்டேன். படத்துல போட்டிருந்தாள்லா, அந்தச் சரிஞ்ச அட்டிகை. அத மட்டும் போட்டு அனுப்புங்க. அப்படி ஒண்ணு நான் எங்கயும் பாத்ததில்ல. எங்க இருக்கு, காட்டுங்களேன்."

சிவகாமியின் அப்பா, லேத் ஓட்டுகிற மனுஷர், தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பெரிய பொய் சொன்னார். "லாக்கர்ல இருக்கு."

லாக்கர் என்றால் உருண்டையா சதுரமா என்றுகூட அவருக்குத் தெரியாது.

மறுநாள் அவர் அண்ணாச்சி முன்னால் வந்து நின்றார். "என்னத்தச் செஞ்சு வச்சிருக்கிய அண்ணாச்சி? அந்த அம்மா அதான் வேணுங்காவ."

"நல்ல ரசன உள்ள அம்மா" என்று சொன்னார் அண்ணாச்சி. சொன்ன பிறகுதான் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பலகையைக் கழுத்தில் மாட்டவே இல்லை. வெளிச்சம் ஜன்னலுக்கு வந்து, படிக்குப் போய், முற்றத்தைக் கடந்து, அவரில்லாமலேயே தெருவில் இறங்கிப் போயிற்று.

டவுணில் ஒரு நகைப்பட்டறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். வெள்ளியிலாவது செய்ய முடியுமா என்று கேட்கத்தான். பட்டறைக்காரர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இது எதுல தொங்குது வே?"

"களுத்துல."

"களுத்துல சரி. இந்தத் தோள்ல புடிமானம் இல்ல, அந்தப் பக்கம் பாரம் இழுக்குது. மாட்டினா அடுத்த நிமிசம் இடுப்புக்கு வந்திரும். இதுக்குப் பின்பக்கம் எங்க?"

"போட்டோவுக்கு எதுக்குய்யா பின்பக்கம்?" என்று அண்ணாச்சி கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஈரடுக்குப் பாலம் வரைக்கும் வேகவேகமாக நடந்தோம். கீழே ரயில் போயிற்று, எங்களுக்குப் பக்கத்தில் பஸ் போயிற்று. எல்லாமே எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. நாங்கள் மட்டும் ஒரு இல்லாத நகையைச் சுற்றி வந்துகொண்டிருந்தோம்.

அந்த வாரம்தான் எங்கள் ஆபீஸில் மேலதிகாரி மேஜையில் கிடந்த இங்கிலீஷ் பத்திரிகையில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். பம்பாயில் ஒரு கம்பெனி. நம் நாட்டு மணப்பெண்ணுக்கான பிளாட்டின நகை, புது மாதிரியாக யார் வடிவமைத்தாலும் அனுப்பலாம். முதல் பரிசு பெறும் வடிவத்தைப் பிளாட்டினத்திலேயே செய்து, செய்த நகையை வரைந்தவருக்கே கொடுத்துவிடுவார்கள். பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். அண்ணாச்சி மாடிப்படியில் நின்றிருந்தார்.

"பிளாட்டினம்னா என்னது வே?"

"தங்கத்தவிட ஒசத்தி அண்ணாச்சி. வெள்ளையா இருக்கும். கறுக்காது."

"வெள்ளையாவா? கல்யாணத்துக்கா?"

"ஆமா."

பிரஷை நாக்கில் வைத்தபடியே யோசித்தார். "அப்போ இத்தன வருசமா நான் வேற என்னத்தப் போட்டேங்கீரு?"

படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் தங்கமும் வெள்ளைதானே. அந்த அறிவிப்பைப் பார்த்துப் பட்டணத்துப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளை நகையை எப்படி யோசிப்பது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்த நேரத்தில், அதை ஆயிரம் கழுத்துகளில் போட்டுப் பழகிய ஒரே மனுஷர் ஜங்ஷனில் மாடிப்படி வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவள் படத்தை அனுப்பலாமா என்று சிவகாமியிடம் கேட்டோம். "மூஞ்சி இல்லாம அனுப்புங்க" என்றாள். நாடிக்குக் கீழே வெட்டினோம். காகிதத்தில் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று வரைந்து அனுப்ப வேண்டும் என்று விதி. "படமே கையில இருக்கும்போது படத்த எதுக்கு வரையச் சொல்லுதான், கோட்டிக்காரன்" என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். விண்ணப்பத்தில் பெயர் கேட்டிருந்தது.

"டச்சிங் அண்ணாச்சின்னே போடும்."

"சொந்தப் பேரு கேக்கான் அண்ணாச்சி."

"பம்பாயில அந்தப் பேருல இன்னொருத்தன் இருக்கானா? கொழம்பாதுல்லா, போடும்."

அடுத்த கட்டத்தில்தான் தகராறு. எதனால் செய்யப்பட்டது, எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்டிருந்தது. வெள்ளை பெயிண்ட், பிரஷ் என்று எழுதப் போனேன். பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"அத எழுதாதீரும்."

"எழுதலேன்னா அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியப்படாது. தெரிஞ்சா அது டச்சிங்கா?"

"அண்ணாச்சி, அந்தப் புள்ள வாழ்க்க இதுல இருக்கு."

"எந் தொழிலும் அதுலதான வே இருக்கு."

கட்டத்தைக் காலியாக விட்டோம். அன்று அந்தப் பேனாவை நான் பிடுங்கி எழுதியிருக்க வேண்டும்.

தபால் போன பிறகு அந்தத் தெருவில் ஒருவரும் நிலையாக நிற்கவில்லை. ஆடிக் காற்று மண்ணை வாரிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழையவே பயந்தார். ஸ்ரீவைகுண்டத்து அம்மாள் வாரம் தவறாமல் சொல்லி அனுப்பினார், வெள்ளிக்கிழமை நல்ல நாள்தானே, லாக்கரைத் திறக்கலாமே என்று. லேத்காரர் ஒரு வெள்ளிக்கிழமை சாவி தொலைந்ததென்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார். அதற்கு அடுத்த வாரத்துக்கு அவரிடம் பொய் இல்லை. சிவகாமி பழையபடி தெருவைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள்.

கடிதம் வந்தது. உறையின் மேல், திரு. டி. அண்ணாச்சி. தெருவில் நின்று நான் படித்துச் சொன்னேன். தங்கள் படைப்பில் நடுவர்கள் மயங்கிப்போனார்கள். ஒரு பக்கமாக ஓடும் அந்த அமைப்பு யாரும் நினைத்துப் பார்க்காதது. ஆனால் போட்டி, இன்னும் செய்யப்படாத வடிவங்களுக்கு மட்டுமே. தாங்கள் அனுப்பியிருப்பது ஏற்கெனவே செய்து முடித்து ஒரு பெண்மணி அணிந்திருக்கும் நகையின் புகைப்படம். ஆகவே ஏற்க இயலவில்லை. இதைச் செய்த பட்டறையின் முகவரி கிடைத்தால் மகிழ்வோம்.

"என்ன சொல்லுதான்?"

"நெசமான நகைன்னு நெனச்சிட்டான் அண்ணாச்சி."

அவர் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி, அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பம்பாயை ஏமாற்றிய முகம். பிறகு கண் தற்செயலாக பூத் பக்கம் திரும்பியது. அவள் எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலர்ந்தது அப்படியே அவிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. பொய் தீர்ந்துபோயிருந்த லேத்காரர், நாள் கடத்துவதற்கு ஏதாவது கிடைத்தால் போதும் என்று, அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் போய்விட்டார். நகை பம்பாய் வரைக்கும் பேரெடுத்திருக்கிறது என்று காட்டுவதற்காக. வாத்தியார் வரிவரியாக மொழிபெயர்த்து அம்மாவுக்குச் சொன்னார். ஏற்கெனவே செய்து முடித்து அணிந்திருக்கும் நகை. அம்மாள் நாள் குறிக்கச் சொல்லிவிட்டார்.

இனி தாங்காது என்று சிவகாமி வாத்தியாருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னாள். நகையே இல்லை, அது வரைந்தது. வாத்தியார் நம்பினார். அவருக்கு நகை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அம்மாள் நம்பவில்லை.

அவர் சொல்லி அனுப்பிய பதில் இது. "நகை இல்லாத புள்ளையா இருந்தா சும்மாவே கூட்டிட்டு வந்திருவேன். பம்பாய்க்காரன் இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கான். இருக்கிறத இல்லன்னு மறைக்கிற வீட்ல நான் பொண்ணெடுக்க மாட்டேன்."

அன்று மூன்று மணி வெயிலில், அண்ணாச்சி தெருவில் சுவரோரம் நின்று பலகையில் யாருக்கோ புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். சிவகாமி பூத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும். அது நீங்க போட்டதுன்னு. நீங்க சொன்னாத்தான் நம்புவாவ."

அண்ணாச்சி பலகையை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஆயிரம் படத்தில் கை வைத்து, ஒரு படத்திலும் வைத்தேன் என்று சொல்லாத மனுஷர்.

"சரி, வேண்டாம்" என்று அவள் திரும்பினாள்.

"ஏட்டி" என்றார். "ஸ்ரீவைகுண்டத்துக்குக் காலையில எத்தன மணிக்கு பஸ்?"

நானும் அவரும் போனோம். பஸ்ஸில் பாதி இருக்கை காலி. அவர் உட்காரவில்லை. பெயிண்ட் டப்பாவையும் பலகையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார். வாழைத்தோப்பும் வயலும் மாறி மாறி ஜன்னலில் ஓடின. ஆறு ஒரு வளைவில் பளிச்சென்று வந்து, அடுத்த வளைவில் காணாமல் போயிற்று.

அம்மாள் எங்களை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். நான் உட்கார்ந்தேன். அண்ணாச்சி கூடத்தில் அங்கேயும் இங்கேயும் நடந்தார்.

"நீங்கதான் அதச் செஞ்ச ஆசாரியா?"

"ஆசாரி இல்லம்மா. அது வந்து... அந்தப் படத்துல..." சாம்பல் நாக்கு வெளியே வந்து உள்ளே போயிற்று. "படத்துல இருக்கது என்னன்னா..."

"என்னன்னா?"

அவர் கண் சுவருக்குப் போயிருந்தது. ஒரு பழைய கல்யாணப் படம். உயரமான ஒரு ஆள். பக்கத்தில் அந்த அம்மாள், ஒல்லியாக, பதினெட்டு பத்தொன்பது வயதில். கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

"யாரு எடுத்த படம்? லைட்டு அம்சமா விழுந்திருக்கே" என்று சொல்லிக்கொண்டே ஆணியிலிருந்து அதைக் கழற்றிவிட்டார்.

"எய்யா, அத எதுக்கு எடுக்கிய?"

அவர் காதில் விழவில்லை. வாசற்படிக்குப் போய்விட்டார். அங்கேதான் வெளிச்சம். பின்பக்க ஆணியை நெம்பிக் கண்ணாடியை உருவி, படத்தைப் பலகையில் குத்தி மாட்டிக்கொண்டார். அம்மாளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "இந்தக் கோட்டிய யாரு உள்ள விட்டது? எங்க வீட்டுக்காரரு மொகம் இருக்கது இந்த ஒரு படத்துலதான். வையும் கீழ." நான் எழுந்து குறுக்கே போய் நின்றேன்.

"களுத்துல ஒண்ணும் இல்லையே?" என்று படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார் அண்ணாச்சி.

"இருந்திச்சு. ஒரு சங்கிலி. அது எங்க மதினியோடது. மணவறையில போட்டுட்டு இருந்தேன். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிட்டுன்னு, போட்டோக்காரன் வர்ற முன்னாலயே களத்தி வாங்கிட்டுப் போயிட்டா."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கோடு இடது தோளிலிருந்து புறப்பட்டுவிட்டது. அம்மாள் திட்டிக்கொண்டே நெருங்கி வந்தார். பக்கத்தில் வர வரத் திட்டு மெலிந்தது. நூல் கிளைத்தது, கிளை தடித்தது. கல்லுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் கீழே மயிரிழைக் கறுப்பு. நெஞ்சுக் குழியைத் தாண்டிச் சரிந்து, கோடியில் ஒரு முத்து வந்து உட்கார்ந்தது. அதே அட்டிகை.

அம்மாள் விரலை நீட்டினார்.

"கைய வைக்காதிய, ஈரம்."

வைத்துவிட்டார். விரல் நுனியில் வெள்ளை ஒட்டியது. அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அப்போதுதான் அண்ணாச்சிக்கு வாய் திறந்தது, களவு ஒத்துக்கொள்கிறவர் குரலில்.

"நான் போட்டதும்மா. அந்தப் புள்ள படத்துலயும் நாந்தான் போட்டேன். நெகட்டிவ்ல கீறல் விழுந்திட்டு. அதும் எங் கைத் தப்புதான். அவ மேல ஒண்ணும் இல்ல."

அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்தார். "இது தொடச்சா போயிருமா?"

"ஈரத்துணி வச்சு இழுத்தா போயிரும்."

"தொடைக்கலேன்னா?"

"நாம எல்லாரும் போன பெறவும் கெடக்கும்."

"அப்போ கெடக்கட்டும்" என்றார். "இத யாரும் வந்து களத்திக் கேக்க முடியாதுல்லா."

அண்ணாச்சி பிரஷைத் துடைத்தார். அம்மாள் உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வாட்ச் கட்டணும்னு ரொம்ப ஆச. கட்டாமலே போயிட்டாவ."

அண்ணாச்சி அந்த உயரமான ஆளின் மணிக்கட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மணி எத்தன வைக்க?"

"ஏழரை டூ ஒம்பது முகூர்த்தம். தாலி ஏறும்போது எட்டே கால்."

எட்டே கால் வைத்தார். பிறகு அம்மாள் பக்கத்து வீட்டுக்குப் போய் போன் பேசிவிட்டு வந்து எங்களிடம் சொன்னார், "லாக்கர்ல இருக்குன்னாரே ஒரு மனுசன், அவரக் கையோட வரச் சொல்லியிருக்கேன். நாள் பாக்கணும்லா. அவருக்கும் ஒரு டோஸ் பாக்கி இருக்கு."

ஆவணியில் கல்யாணம். சிவகாமி மெல்லிய சங்கிலி ஒன்றும் தலை நிறையப் பூவுமாக உட்கார்ந்திருந்தாள். எத்தனை பிளாஷ் அடித்தும் அவள் சிரிப்பு கலையவில்லை. எல்லாம் கலர் படம். சம்பந்தி அம்மாள் அண்ணாச்சியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து மணமக்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிறந்ததிலிருந்து அவர் கேமராவுக்கு முன்னால் நின்றதில்லையாம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விறைத்துப்போய் நின்றார். பளிச்சென்று அடித்தது.

படம் வந்தபோது அவருக்கு மட்டும் கண் மூடியிருந்தது. ஸ்டுடியோவில் எல்லாரும் சிரித்தோம். "கண்ணத் தொறந்து விட்டிருங்க அண்ணாச்சி, உங்களுக்கு எத்தன நேரம்" என்றேன். படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிரஷை எடுத்தார். திரும்ப வைத்துவிட்டார்.

"கலர்ல நான் கை வைக்க மாட்டேன் வே."

சிவகாமியிடம் கேட்டு ஒரு பிரதி வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊருக்கு மாற்றல். ஒவ்வொரு முறை பெட்டியைப் பிரிக்கும்போதும் அந்தப் படம் கைக்கு வரும். மணமக்களுக்குப் பக்கத்தில், ஒரு நாளும் ஓய்ந்து உட்காராத அந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல், சத்தமில்லாமல் திருப்பி வைக்கிறேன்.